'சரக்கு அனுப்பு' சாம்பலான நாள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. செல்போனிலேயே எல்லாம் நடக்கிற இந்தக் காலத்திலும், பேக்கிங் அறை மூலையில் பஞ்சுத் தூசி படிந்த கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் புரோகிராம்தான் பல முதலாளிகளுக்குப் பிடித்திருக்கிறது. அப்படி ஒரு கம்பெனியின் ஆபீஸ் வேலை முழுவதையும் ஓர் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர். மெனுவில் நான் 'டெஸ்பாட்ச்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, "தமிழ்லயே வெச்சிருங்க தம்பி. நான் லீவு போட்டா மத்தவங்களுக்கும் புரியோணுமில்லீங்க" என்றார். 'சரக்கு அனுப்பு' என்று மாற்றினேன். அதை அழுத்தினால் சரக்கோடு போகவேண்டிய சீட்டான சலான் அச்சாகும். சலான் இல்லாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது.

ஒரு சனிக்கிழமை முதலாளி போனில் கூப்பிட்டார்.

"மருமக ஆபீசுக்கு வரப் போகுதுங்க. டெஸ்பாட்ச் எல்லாம் இனி அது பாத்துக்கும். அக்கா லாகின்ல அந்த மெனுவை மட்டும் அடைச்சு உட்ருங்க."

"அக்காகிட்டச் சொல்லிட்டீங்களாங்க?"

"அதை நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீங்க வேலையை முடிங்க."

பெரிய வேலை ஒன்றுமில்லை. மெனுவின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. அந்த வரியை அழுத்தினால் விண்டோஸ் அதன் எண்ணை என் புரோகிராமுக்குச் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எழுதி வைத்திருப்பேன். மெனு விரிவதற்கு முன்னால், எந்த வரி வேலை செய்யலாம், எது கூடாது என்று முடிவு செய்யவும் ஓர் இடம் உண்டு. அங்கே, லாகின் செய்து வந்திருப்பது அக்கா என்றால் இந்த எண்ணை முடக்கு என்று ஒரு நிபந்தனை எழுதினேன். அந்த வரியையே காணாமல் செய்திருக்கலாம். சாம்பல் நிறத்தில் விட்டுவைத்தால் அவ்வளவு கடுமையாகத் தெரியாது என்று நினைத்தேன். என் அறையில் இருந்தபடியே அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அக்கா கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, சரக்கு அனுப்பு மங்கலாக் கெடக்குதுங்க. அழுத்துனா ஒண்ணும் ஆகமாட்டேங்குது. வண்டி வேற வந்து நிக்குது."

முதலாளி சொல்லவில்லை என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "என்னன்னு பாக்கறேங்க்கா" என்றேன். அவர் போனை வைக்காமல், பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த டிரைவரிடம் பேசியது காதில் விழுந்தது. "சித்த பொறுங்க சாமி. அந்தத் தம்பி நல்லாத்தான் பண்ணிக் குடுத்திருக்குது. இதுவரைக்கும் ஒருநாளும் இப்படி நின்னதில்ல."

என் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் முதலாளிக்குப் போன் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது அக்கா கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார். எனக்காக நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை.

"ரிப்பேர் இல்லீங்க்கா. நான்தான் அடைச்சேன். முதலாளி சொன்னாருங்க. மருமகதான் இனி பாக்கப் போகுதாம்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்பச் சொன்னாருங்க?"

"சனிக்கிழமை."

"காலைல நான் கூப்புட்டப்போ உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தலையாட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மதியம் முதலாளி வந்து தன் லாகினில் சலான் போட்டுக் கொடுத்தார். பிறகு அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐந்தே நிமிடத்தில் அக்கா வெளியே வந்து வருகைப்பதிவு வேலையை ஆரம்பித்தார். நான் கிளம்பும்போது என்னிடம், "அந்த வரியை எடுத்துப் போடுங்க தம்பி. இருந்தா தெனமும் கண்ணுல பட்டுட்டே இருக்கும்" என்றார்.

அன்றே எடுத்தேன். அதற்கும் ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது.

சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டு முதலிபாளையத்தில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் சேர்ந்தார். போன வாரம் பெட்ரோல் பங்க்கில் பார்த்தேன். என் மகள் எந்த வகுப்பு என்று கேட்டார். புதுக் கம்பெனியில் இருக்கிற புரோகிராம் ஒரே வேலைக்கு நாலு இடத்தில் அழுத்த வைக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"ஒருநாளைக்கு வந்து பாருங்க தம்பி. உங்களுது சுலபமா இருந்துச்சுங்க."

"வர்றேங்க்கா" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு முறை வேலையாகப் போய்வந்துவிட்டேன். அவர் கம்பெனி இருக்கிற தெருவுக்குள் இன்னும் திரும்பவில்லை.