கோணல் பல்லின் அச்சு

பல் மருத்துவமனையில் அவளுக்கு மாவக்கா என்று பெயர். வாயை அளவெடுக்கும் பொடியைப் பதினெட்டு வருடமாக அவள்தான் கரைக்கிறாள். கடல்பாசியிலிருந்து எடுக்கும் பொடி அது. தண்ணீர் விட்டுக் கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் பசையாகும். தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்தால் இரண்டே நிமிடத்தில் ரப்பராக இறுகும். அதன்பின் சுணங்கக் கூடாது. ஈரப்பஞ்சில் சுற்றி வைத்தாலும் கால் மணிக்குள் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அச்சு சுருங்கிவிடும்; கட்டுகிற பல் வாயில் உட்காராது.

அவளை மாவு என்று கூப்பிடும் அண்ணனுக்கு ஐஸ்கிரீம் கம்பெனியில் வேலை. பால் திரிதிரியாகப் பிரியாமலிருக்க அங்கேயும் பாசிப்பொடிதான். மூட்டை பிரித்துக் கொட்டுவது அவர். "காலையில பேஸ்ட்டு, மத்தியானம் ஐஸ்கிரீம். ஊரே நம்ம பாசியைத்தான் தின்னுது, ஒருத்தனுக்கும் தெரியல" என்பார். அண்ணனும் தங்கையும் கடலைப் பார்த்ததே இல்லை.

கடைவாய்ப் பற்கள் போனபின் ஒரு நாள் அண்ணன் பல் கட்ட அளவு கொடுக்க வந்தார். முன்பல் மட்டும் பழைய கோணலோடு அப்படியே இருந்தது.

"நான் ஊரை நக்க வைக்கிறேன், நீ கடிக்க வைக்கிறே. நல்ல குடும்பம் போ."

"வாயைத் திறண்ணே. பேசினது போதும்."

அச்சு நன்றாக விழுந்தது. டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பினார். அவள் குழாயடியில் அச்சைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி போனில் கூப்பிட்டாள்.

"உங்கண்ணன் டீக்கடை வாசல்லயே விழுந்துட்டாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க, நானும் போறேன். உடனே வா."

"இதோ வர்றேன் அண்ணி."

போனை வைத்தாள். பிறகு பிளாஸ்டரை அளந்து கரைத்தாள். குமிழி தங்காமலிருக்கத் தட்டை மேசையில் தட்டித் தட்டி ஊற்றினாள். கை தன்பாட்டுக்குச் செய்தது.

சீட்டு எழுதும் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்க இன்னும் போகலையா?"

"இது சுருங்கிடும்."

அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். இப்போதுதான், ஐந்து நிமிடம் இருக்கும் என்றார்கள்.

"மாவு வந்துட்டாளான்னு கேட்டாரு. ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள் அண்ணி.

"ஆட்டோ கிடைக்கல."

அழுகை வரவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனாள். அலமாரியில் அந்த வெள்ளை அச்சு இருந்தது. அதன் பக்கத்திலேயே கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். காலையில் பல் தேய்த்தாள், சாப்பிட்டாள், பஸ் ஏறினாள். யாராவது துக்கம் விசாரித்தால், "ஆமாங்க" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணியைப் பார்க்கப் போனாள். பிரிட்ஜின் பிரீசரில் அண்ணன் கடைசியாகக் கொண்டுவந்த ஐஸ்கிரீம் டப்பா கிடந்தது. வீணாகப் போவானேன் என்று அண்ணி எடுத்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். அது தண்ணீராக ஓடாமல் மெத்தென்று குழைந்து நின்றது.

"ஆட்டோ உடனே கிடைச்சுது அண்ணி."

அண்ணி நிமிர்ந்தாள்.

"பிளாஸ்டர் ஊத்திட்டுத்தான் கிளம்பினேன். பத்து நிமிஷம்."

அண்ணியின் கரண்டி டப்பாவிலேயே நின்றது. அதை விட்டுவிட்டுக் கேட்டாள்: "அச்சு சரியா வந்திருக்கா?"

"ம்."

"அந்தக் கோணல்?"

"அதுவும்."

"கொண்டுவந்து என்கிட்ட குடுத்துடு. உன்கிட்ட இருக்க வேணாம்."

"சரி அண்ணி."

தன் பங்கை அவள் தின்று முடித்தாள். பல் மட்டும் கூசியது.