ஒளி பட்டால் அடங்கும்

வெயில் அடித்தால் இந்த ஜெர்மனிக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. மத்தியானச் சாப்பாட்டோடு புல்தரையில் போய் மல்லாந்துவிடுவார்கள். திருவொற்றியூர் வெயிலில் வெந்து வளர்ந்த நான் மட்டும் சன்னலே இல்லாத ஆய்வுக்கூடத்தில், மங்கிய சிவப்பு விளக்கின் கீழ், குப்பிகளுக்கு அலுமினியத் தாள் சுற்றிக்கொண்டிருப்பேன். மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் உண்டு. அது நரம்பணுவின் மேலிருக்கும் ஏற்பிகளில் ஒட்டினால் அதன் துடிப்பு அடங்கும். நாங்கள் காபாவுக்கு ஒரு வேதி மூடி போட்டு வைக்கிறோம். எலி மூளையின் மெல்லிய துண்டில் ஊதா ஒளி படும் இடத்தில் மட்டும் மூடி கழலும். எந்த ஏற்பி என்ன செய்கிறது என்று அப்படித்தான் பார்க்கிறோம். மருந்தெல்லாம் இல்லை, வெறும் ஆராய்ச்சி.

இதை வீட்டில் புரியவைக்க என்னால் ஆகவில்லை. தம்பி செல்வத்துக்கு எட்டு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரைக்கும் கட்டுப்படாது. நடுக்கடலில் வந்தால் என்ன செய்வது என்று மீன்பிடிக்கப் போகும் நைனா அவனைப் படகில் ஏற்றியதே இல்லை. "அக்கா, அந்த லைட்ட என் மண்டைக்குள்ள எப்டிக்கா வுடுவே? காது வயியாவா?" என்று போனில் சிரிப்பான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒனக்குன்னே செஞ்சிகினு கீறேன்டா" என்று சொல்லித் தொலைத்தேன். ஊருக்குப் பேசும்போது இல்லாததை இருப்பதாகச் சொல்வது நம் எல்லோருக்கும் வழக்கம்தானே. அவன் நம்பிவிட்டான்.

போன மாதம் ஒரு காலை அம்மா அழைத்தாள். வலிப்பு நின்றதும் அவள் எப்போதும் சொல்வது ஒன்றுதான். அன்றும் அதையே சொன்னாள்.

"அடங்கிப்போச்சுடி."

"அப்பாடா. தூங்கட்டும், எயுப்பாதே" என்றேன்.

அம்மா அலறினாள். "உசுருடி! உசுரு அடங்கிப்போச்சுடி!"

பாவி நான், அப்பாடா என்றிருக்கிறேன்.

அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். விமானம் பிடித்திருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது. மறுநாள் வேலைக்குப் போனேன். விஷயம் தெரிந்து பேராசிரியர் இருட்டறைக்கே வந்து, "மைன் பைலைட்" என்றார். லைட் என்பதுதான் என் காதில் விழுந்தது. எழுந்துபோய் வெள்ளை விளக்கைப் போட்டேன். காபாவின் மூடி கழன்று, திறந்திருந்த கரைசல் அத்தனையும் பாழ். அவர் சொன்னதற்கு 'என் அனுதாபங்கள்' என்று பொருளாம். வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

நேற்று அம்மா பேசினாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வலிப்பாம்.

"ஒன் லைட்டு மருந்து எப்ப வரும்னு அதோட அம்மா கேட்டுகினே கீது. இன்னா சொல்றது?"

"சீக்கிரம் வந்துடும்னு சொல்லும்மா."

"நீ எப்போடி வருவே?"

அதற்கும் அதே பதிலைத்தான் சொன்னேன்.