செய்தி நேரத்தில் கேட்டது

முன்பள்ளியில் ஒவ்வொரு காலையும் ‘செய்தி நேரம்’ என்று ஒன்று உண்டு. தேவாரம் முடிந்ததும் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, நேற்று வீட்டில் நடந்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பிள்ளை கூச்சமில்லாமல் கதைத்துப் பழக வேண்டும் என்பதற்காக வைத்தது. மாடு கன்று போட்டது, அப்பா சைக்கிளால் விழுந்தது, தங்கச்சிக்கு ஊசி போட்டது எல்லாம் வரும். நாலு வயதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாது. கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் முன்பள்ளி மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் நடுவில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற கிறவல் மண் பாதையில் இருக்கிறது. இரண்டு டீச்சர்மார். நானும், என்னிலும் இளையவளான ஒருத்தியும்.

ஒருநாள் ஒரு சிறுமி எழுந்தாள். அவளுக்குத் தாய் மட்டும்தான். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாய் கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தாள். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சொன்னது:

“டீச்சர், எங்கட வீட்ட ஒரு மாமா வந்தவர். பெரிய மீன் கொண்டுவந்தவர். அம்மா சிரிச்சவா. மாமா விடியக் காலமைதான் போனவர்.”

மற்ற டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் சிரித்தோம். தன் செய்தி நன்றாக இருக்கிறதாக்கும் என்று பிள்ளையும் எங்களோடு சேர்ந்து சிரித்தது.

அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். பகிடியாகத்தான். மற்றவள் கடையில் யாரிடமோ சொன்னாளாம், அதுவும் பகிடியாகத்தானாம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு நாங்கள் இருவரும் அவல் அள்ளிக் கொடுத்தோம். யார் சொல்லிப் பரவியது என்று பிறகு எங்களுக்குள் சண்டை வேறு. இரண்டு வாயில் எந்த வாய் பெரிது என்று சண்டை!

பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைத் தாய்மார் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவருவார்கள். அடுத்த கிழமை அந்தத் தாயின் முறை. பெற்றோர் குழுத் தலைவி என்னிடம் வந்தார்.

“டீச்சர், அவான்ர முறையை இனி விடுவம். அவா சமைச்சா தங்கட பிள்ளையள் சாப்பிடாதெண்டு அம்மாமார் சொல்லினம். தோட்டக்காட்டுப் பழக்கம் எங்களுக்குச் சரிவராது.”

தலைவியின் குடும்பமே குளத்தின் கீழ் கொடுத்த வயல் காணிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியதுதான். ஒரே காட்டை வெட்டிக் குடியிருந்தவர்களுக்குள் இதென்ன மேல் கீழ் என்று நான் கேட்டிருக்க வேண்டும். “கூட்டம் போட்டுக் கதைப்பம்” என்று மழுப்பினேன். அக்காவிடம் அவ்வளவு நன்றாக ஓடிய நாக்கு அங்கே ஓடவில்லை.

அந்தத் தாய்க்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தன் முறைக்கு அவள் இலைக்கஞ்சிப் பானையோடு வந்தாள். இன்னொரு தாய் பயறு அவித்து முதலே கொண்டுவந்து வைத்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பயறுதான் பரிமாறினார்கள். கஞ்சி மூடியபடியே ஆறியது. தாய் என்னைத் தனியே கூப்பிட்டுப் பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டாள். சொன்னேன்.

“அங்க பெரிய ஆக்கள் நீங்கள் ரெண்டு பேருந்தானே டீச்சர் இருந்தனீங்கள்?”

அவ்வளவுதான் கேட்டாள். பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாமா யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாயின் தம்பி என்று பிறகு ஒரு கதை வந்தது. உடனே சில பெண்கள், “அப்ப பரவாயில்லை” என்று மன்னித்தார்களாம். மன்னிக்க இவர்கள் யார்? தம்பியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பயிற்சி வகுப்பில், ‘பிள்ளை சொல்லும் வீட்டு விடயங்களை வெளியே சொல்லக்கூடாது’ என்று ஒரு வரி எழுதுவித்தார்கள். நான் அதற்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடும் போட்டேன். பரீட்சையில் வந்தது, சரியாக எழுதிப் புள்ளியும் வாங்கினேன். வெட்கங்கெட்ட புள்ளி.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் செய்தி மாறியது.

“நான் காலமை எழும்பினன். பல்லு மினுக்கினன். முகம் கழுவினன். சாப்பிட்டன். பள்ளிக்கூடம் வந்தன்.”

தாய் பழக்கி அனுப்பியது. ஒவ்வொரு நாளும் ஒரு சொல் பிசகாது. ஒருநாள் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தது. இரத்தம் ஊறியிருந்தது. என்னம்மா நடந்தது என்று குனிந்து கேட்டேன். “நான் காலமை எழும்பினன்” என்று தொடங்கியது. நாளைக்கு யாராவது அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தீங்கு செய்தால், அது யாரிடம் போய்ச் சொல்லும்? என்னிடமா?

அந்தப் பள்ளித் தவணை முடிவில் முன்பள்ளிகளை மேற்பார்வை செய்கிற பெண் உத்தியோகத்தர் வந்தார். செய்தி நேரத்தைத் தன் முன்னால் நடத்தச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் திக்கித் திணறி ஏதோ சொன்னார்கள். இந்தப் பிள்ளை எழுந்து, எழும்பியது முதல் வந்தது வரை நிறுத்தாமல் ஒப்புவித்தது. உத்தியோகத்தர் கை தட்டினார்.

“எவ்வளவு வடிவாச் சொல்லுறா! மற்றப் பிள்ளையளுக்கும் இப்பிடிப் பழக்குங்கோ. இவவுக்கு எப்பிடி டீச்சர் பழக்கினனீங்கள்?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் வாயெடுத்தேன். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மார் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவியும் நின்றார். நான் சொன்னால் மாமாவும் மீனும் இன்னொரு முறை ஊருக்குள் போகும். மற்ற டீச்சர் தரையைப் பார்த்தாள். பிள்ளை உட்காரவில்லை. கட்டிய கையோடு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

“நான் ஒண்டும் பழக்கேல்லை, மிஸ்” என்றேன்.

அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளை உட்கார்ந்தது.