கீழ் வீட்டு வைஃபையின் பெயர்

இன்னைக்கு செம்பாக்கம் வீட்டுல புது வைஃபை ரூட்டர் மாட்டினோம்.

மாட்ட வந்தவர், "போன்ல உங்களுது தெரியுதா பாருங்க மேடம்"னார். பார்த்தேன். அதுக்கு மேலயே இன்னொரு வைஃபை ஃபுல் சிக்னல்ல நிக்குது.

பேரு, "எஃப்2 மிக்ஸியை நிறுத்து".

எஃப்2 ஃப்ளாட் நாங்கதான்.

போனை அவர்கிட்ட நீட்டினேன். "இது யாரோடதுங்க?"

"கீழ் வீட்டு அக்காவோடது. நான்தான் மாட்டினேன். பேரு அவங்க சொன்னது."

தினம் காலைல சிரிச்ச முகமா கிண்ணத்தோட வந்து, அந்த மிக்ஸில அரைச்ச சட்னியை வாங்கிட்டுப் போறதும் அதே அக்காதான். இன்னைக்கும் வந்தாங்க.

"உங்களுதுக்கு என்ன பேர் வைக்கட்டும் மேடம்?"னு அவர் காத்துட்டிருக்கார்.

நீங்களே ஒண்ணு சொல்லுங்க. நாளையிலேர்ந்து சட்னி கிடையாதுங்கிறது மட்டும் அதுல வந்துடணும்.