நூற்று இருபத்தேழு டிகிரியும் வெல்வெட் சட்டையும்

“தம்பி, உங்க ஓசி சாஃப்ட்வேரு என் மெஷின எரிச்சிடும் போலருக்கு. சாயந்தரத்துக்குள்ள வந்து பழசையே போட்டுக் குடுத்துடுங்க.”

போனில் கமலவேணி மேடம். பெரம்பலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியவர். நான் அப்போது அரியலூரில் ஹார்டுவேர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். என் பேச்சை நம்பி விண்டோஸை எடுத்துவிட்டு இலவச லினக்ஸ் போட்ட ஒரே ஆள் அவர்தான். அவரும் கைவிட்டால் வேறு எந்த சென்டரிலும் என்னை வாசலில் சேர்க்கமாட்டார்கள். அடித்துப் பிடித்து பஸ் ஏறினேன்.

மெஷினுக்குள் இருக்கும் சூட்டை அளக்கும் சென்சார்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைப் படிக்கும் ‘டிரைவர்’ என்ற துணைப் புரோகிராமையும் ஏற்ற லினக்ஸில் ஒரு புரோகிராம் உண்டு. முந்தின நாள் அதை ஓட்டிவைத்தவன் நான்தான். திரையில் இரண்டு எண்கள் நின்றன: 74, 127.

“தண்ணியே நூறுல கொதிச்சிடும். இது நூத்தி இருபத்தேழுங்குது!” என்றார் மேடம்.

டிரைவரோடு வந்த குறிப்பைத் திறந்தேன். சென்சார் சிப்பின் பெயர் இருந்தது. 127 பற்றி மூச்சு இல்லை. சரி, பெட்டியைத் திறப்போம் என்று குனிந்தால், சிபியூவுக்கு நீல வெல்வெட்டில் சட்டை! ஓரத்தில் பூவேலை வேறு. மெயின் ரோட்டு ஜல்லி லாரிப் புழுதிக்குப் பயந்து எல்லா மெஷினுக்கும் மேடமே தைத்தது. ஓடும்போதும் கழற்றுவதில்லையாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கழற்றினேன்.

காபி குடித்து முடிப்பதற்குள் 74 இறங்கி 52 ஆனது. 127 அசையவே இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன்: அந்த இடத்தில் சென்சாரே கிடையாது, எதுவும் மாட்டாத வெறும் பின்.

“அப்ப அது சொன்னது பொய்தானே?”

“127 பொய்ங்க மேடம். 74 நெசம்.”

சட்டையைக் கையில் எடுத்தார். “அப்ப எரிக்கப் பாத்தது நான்தானா?”

லினக்ஸ் தப்பித்தது. டிரைவர் எழுதியவர்களுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெயில் போட்டேன். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டார்கள். வெல்வெட் என்று சொல்லக் கூச்சம், ‘உறையைக் கழற்றினேன்’ என்றேன். அடுத்த வெர்ஷனின் குறிப்பில் சேர்த்துவிட்டார்கள்: இந்த மதர்போர்டில் 127 என்றால் சென்சார் இல்லை, முதல் எண்ணை நம்புங்கள்.

மேடத்துக்குப் படித்துக் காட்டினேன். “சரி தம்பி, ஓடறப்ப போடல. ஆஃப் பண்ணதும் போட்டுவுட்ருவேன். ஆசையா தச்சது.” அவரை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிரைவர் ஓடிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று எழுதிவிட்டு எழுந்திருங்கள். அதைத் தேடிப் படிக்க வருகிறவர் ஏற்கனவே பயந்துபோய்த்தான் வந்திருப்பார்.