ஹம்சா மாமியின் எக்ஸ்போர்ட் மிளகாய்

டில்லி கரோல் பாகில் தமிழ்க் குடும்பம் என்று ஒன்று இருந்தால், அதன் சமையலறையில் ஹம்சா மாமியின் சாம்பார் பொடி இருக்கும். பத்து வருஷமாக வீட்டிலேயே அரைத்து விற்கிறாள். சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். குளிக்காமல் மிளகாயைத் தொடமாட்டாள். கணவர் வைத்திக்குத் தும்மல் வந்தால்கூட பால்கனிக்குப் போய்த்தான் தும்ம வேண்டும்.

இரண்டு வருஷமாகப் பெருமை இன்னும் கூடியிருந்தது. காரி பாவ்லிச் சந்தையில் ஒரு கிடங்கு பிடித்திருந்தாள். 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' மிளகாய், அதுவும் மலிவாக. மூட்டையில் ஏதோ வெளிநாட்டு எழுத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். என்ன எழுதியிருக்கிறதென்று யார் கண்டார்கள்? மாமி அதைப் பதமாக உரித்து அலமாரிக் கதவில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

இந்த வருஷம் டாலர் ஏறிக்கொண்டே போனது. வர்த்தக அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரான வைத்தி, இனி நல்ல சரக்கெல்லாம் கப்பலேறிவிடும், உள்ளூரில் விலை எகிறும் என்றார். கிடங்கிலோ பாதி விலை சொன்னார்கள். ஃபைல் தள்ளினவருக்குச் சந்தை எங்கே தெரியும் என்று மாமி அவரை வாரிவிட்டு மெட்ரோ ஏறினாள்.

கிடங்கு வாசலில் லாரி நின்றது. அதே மஞ்சள் ஸ்டிக்கர் மூட்டைகள். இதெல்லாம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று தன் ஹிந்தியில் ஆசையாகக் கேட்டாள்.

"ஜாயேகா நஹீ ஆன்ட்டிஜி, வாபஸ் ஆயா ஹை" என்றார் கிடங்குக்காரர்.

போகவில்லை, திரும்பி வந்திருக்கிறது. பூச்சிமருந்து அதிகமென்று அந்த ஊர்ச் சோதனையில் தள்ளிவிட்டார்களாம். ஸ்டிக்கரே அதற்குத்தானாம். நல்ல மூட்டையென்றால் அங்கேயே விற்றிருக்குமே, இங்கே எப்படி வரும் என்று அவர் சிரித்தார்.

மாமிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மகள் வைஷ்ணவி மசக்கையில் வேறெதுவும் இறங்காமல் இந்தப் பொடி போட்ட ரசத்தைத்தான் குடித்தாள். அந்த ஸ்டிக்கரைத்தான் ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். வெறும் பையோடு வீடு வந்து சேர்ந்தாள்.

தின்றது தின்றாகிவிட்டது, வாயைத் திறக்காமல் கடையை மாற்று என்றார் வைத்தி. மாமி கேட்கவில்லை. வியாபாரம் போனாலும் சரி, மானம் கப்பலேறினாலும் சரி, சொல்லிவிடுவதுதான். முதல் போன் எதிர்வீட்டுக் காமாக்ஷிக்கு. முதன்முதலில் பொடி வாங்கியவள் அவள்தான்.

"அந்தப் பொடியைக் கொட்டிடுடி. வெளிநாட்டுக்காரா விஷம்னு திருப்பி அனுப்பின மிளகாய் அது."

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று மாமி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அவாளுக்கு எதுதான் ஒத்துக்கும் மாமி? நமக்கென்ன ஆயிடும், இத்தனை நாள் தின்னோமே" என்றாள் காமாக்ஷி. "விலையைக் குறைச்சுத் தாங்கோ, ரெண்டு கிலோவா வாங்கிக்கறேன்."

கிடங்கு வாசலில்கூட மாமி இப்படிப் பயப்படவில்லை.