மீதியை எனக்குத் தருவார்

தங்கபுஷ்பம் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்து அடுக்குகிறவள். பம்பாய்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் வருகிற பட்டுப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டபோது, இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டால் அந்த இடம் அவளுக்குத்தான் என்றார் முதலாளி. அப்படித்தான் முப்பத்தாறு வயதில், 1973 ஆடியில், பனகல் பார்க் அருகே நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பெடுத்த ஸ்ரீரங்கன் மயிலாப்பூர்க்காரர், பாங்கு குமாஸ்தா, ஏறக்குறைய அவள் வயதுதான். நான்காவது வாரம் எதிர்காலம். தமிழில் 'வருவார், போவார்' என்று வருகிற இடமெல்லாம் 'வில்' போடுங்கள் என்றார். வீட்டில் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்.

தங்கபுஷ்பம் தன் புருஷன் வைரவனைப் பற்றித் தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதினாள். சாயங்காலம் வருவார். ஒரு மசால்வடை வாங்குவார். வழியிலேயே பாதியைத் தின்பார். மீதியை எனக்குத் தருவார். காக்கா கொத்திவிட்டது என்பார். ஐந்திலும் 'வில்' போட்டாள்.

படித்த ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தினம் நடக்கறதுக்கு 'வில்' வேண்டாம்மா. இன்னிக்கும் வடை வருமோ?"

"அவுக தவறி ரெண்டு வருசம் ஆச்சு, சார்."

அவர் சிரிப்பு அடங்கியது. பலகைக்குப் போய், தான் சொன்னது அரைகுறை என்று எல்லோரிடமும் ஒப்புக்கொண்டார். நாளைக்கு வரப்போகிறவருக்கும், ஒரு காலத்தில் தினமும் வந்தவருக்கும் தமிழில் ஒரே 'வருவார்'தான், இங்கிலீஷ் பிரித்துவிடும், முடிந்துபோன வழக்கத்துக்கு 'வுட்'.

தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினாள். நான்காவது வாக்கியத்தில் கை நின்றது.

"இத மட்டும் இப்படியே விட்டுரட்டுமா, சார்?"

"தப்புதான்," என்றார் ஸ்ரீரங்கன். "இருந்துட்டுப் போகட்டும்." சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அடுத்த வாரம் தன்னைப் பற்றி எழுதும்போது, தீபாவளிக்குள் பட்டுப் பிரிவில் இருப்பேன் என்று எழுதினாள். அந்த இடம் கிடைக்கக் கார்த்திகை ஆகிவிட்டது. முதல் நாளே ஒரு பம்பாய் அம்மாள் அரக்கு நிறச் சேலையைத் தடவிப் பார்த்து, சாயம் போகுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். எட்டு வருஷம் அந்தச் சரக்கை மடித்தவளுக்குத் தெரியாதா?

"இட் வில், மேடம்," என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து விரித்தாள்.